மழையில் இளைத்த பலகை

மாடிப்படி ஏறி வந்த பெண்மணிக்கு மூச்சு வாங்கியது. பழைய போர்வையில் சுற்றிய ஒரு பொருளை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதை மேஜை மேல் வைத்தபோது மேஜையின் நொண்டிக் கால் முனகியது.

"குண்டு கிண்டு ஏதாவதுன்னா சார் பக்கமா தள்ளி வைங்க அக்கா," என்றாள் மைனா. "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

வாய் மூடாததற்காகத் தன் உதவியாளருக்கு மைனா என்று பேர் வைத்தவர் சர்வேயர். சர்வேயருக்கு அந்தப் பேரை வைத்தது ஊர். இருபத்திரண்டு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கோடவுன்களையும் நனைந்த சரக்கையும் பார்த்து, எது விபத்து எது வித்தை என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலைதான். இப்போது சரக்குக்குப் பதிலாக மனிதர்கள்.

வந்தவள் மைனாவின் கிண்டலுக்குச் சிரித்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, வளையல் முழங்கை வரை ஏறிப் போகும் அளவுக்கு இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். பரீட்சையில் பாஸ் என்று காலையில்தான் தெரிந்துகொண்டவளைப் போல.

போர்வையை விலக்கினாள். கை நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பலகை. இரண்டு முனையிலும் மெழுகு பூசியிருந்தது.

"கருங்காலி சார்," என்றாள்.

"மனுஷங்களைத் திட்டத்தான் அப்படிச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். நிஜமாவே மரமா?" என்றாள் மைனா.

நிஜமாகவே மரம்தான். வாத்தியம் செய்கிறவர்களுக்கு மரம் அனுப்பும் ஒரு மில்லில் அவள் கணவருக்கு வேலை. அறுத்த பலகையைப் பக்குவமாக உலர்த்திக் கொடுப்பவர். அந்த உலர்த்தலை மரக்காரர்கள் சீசனிங் என்பார்கள், அதனால் எல்லாருக்கும் அவர் சீசன்காரர். ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள், வெளியூரில் நாலு நாள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அதே நாளில் மில்லிலிருந்து பன்னிரண்டு கருங்காலிப் பலகைகள் காணாமல் போயின. எல்லாம் ஒரே மரத்தில் அறுத்தவை. சீசன்காரர் திருடிவிட்டார் என்று மில் முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் போலீஸ் வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் இது. ஐந்து நாளைக்கு முன் காலையில் ஒரு வயலின்காரர் தன் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் கிடந்திருக்கிறது. முனை மெழுகில் ஆணியால் கீறிய எண்களைப் பார்த்ததும் யாருடைய பலகை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நேராக இவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். சீசன்காரருக்கு அப்படி ஒரு பழக்கம். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பலகையையும் எடை போட்டு, தேதியையும் எடையையும் அதன் மெழுகிலேயே கீறி வைப்பார். நோட்டு தொலையும், பலகை தொலையாது என்பாராம்.

"அதுவே தொலைஞ்சு போச்சே அக்கா," என்ற மைனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தாள். போன வாரத்துத் தேதி.

"பாருங்க சார். போன வாரம் வரைக்கும் எழுதியிருக்கார். உயிரோட இருக்கார். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

சர்வேயர் எண்களை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பி பக்கத்து போர்ஷனில் இருக்கிறார், அதே மில்லில் ரம்பம் ஓட்டுபவர். அவளுக்குக் கணவர், அவருக்கு அவள், இரண்டு பேருக்கும் அந்தத் தம்பி. குடும்பமே அவ்வளவுதான். நடுவில் இரண்டு மாதம் தொண்டையில் சாப்பாடு இறங்கவில்லை என்றும், இந்த வாரம்தான் ஒழுங்காகச் சாப்பிடுவதாகவும் அவளே சொன்னாள்.

"கண்டுபிடிச்சிடலாம் அக்கா. கவலைய விடுங்க," என்றாள் மைனா.

சர்வேயர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று மைனாவுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் அவர் முகத்தைக் கவனிக்கவில்லை.

*

வயலின்காரரின் பட்டறை பசை வாசனையும் சீவல் சுருளுமாக இருந்தது. ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று நெற்றியில். பலகையைப் பார்த்ததும் நெற்றிக் கண்ணாடியை இறக்கினார்.

ஒரு கட்டைக்கா இத்தனை ரகளை என்று மைனா கேட்டதுதான் தாமதம், ஒரு வயலினை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டார். கழுத்தின் மேல் ஓடிய கறுப்புப் பட்டையைத் தடவிக் காட்டினார். விரல் ஓடுகிற இடம். நாள் முழுக்கக் கம்பி அங்கே உரசும், விரல் அழுத்தும். வேறு மரம் என்றால் பள்ளம் விழுந்துவிடும். கருங்காலி தாங்கும். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் அது மனிதனை ஒரு வழி பண்ணிவிடும். ஒரு மரத்தை அறுத்து முடிப்பதற்குள் ரம்பத்தின் பல் இரண்டு தடவை மழுங்கும். அதன் தூள் மூக்கையும் நெஞ்சையும் சும்மா விடாது. அறுத்த பிறகோ, வெளிப்பக்கம் சீக்கிரம் காயும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வெளியே இழுக்கும், உள்ளே விடாது. நடுவில் பிளந்துகொள்ளும்.

அதனால்தான் முனைக்கு மெழுகு. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போக ரீப்பர் கட்டை, மேலே செங்கல் பாரம். வெயில் படாத இடத்தில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எடை இறங்குவது நின்றால்தான் மரம் உலர்ந்தது என்று அர்த்தம்.

"அவசரப்பட்டா விறகு," என்றார் வயலின்காரர். "போன வருஷம் முதலாளி ஒரு சூட்டு அறை கட்டினார். ஒரு லோடு கருங்காலிய உள்ள தள்ளி, பத்தே நாள்ல காய வெச்சார். வெளிய எடுத்த அன்னிக்கு ஒவ்வொண்ணா வெடிச்சுது. சீசன்காரர் அதைப் பொறுக்கிட்டு உக்காந்திருந்ததை நான் பார்த்தேன். சாவு வீட்ல உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்திருந்தார்."

சர்வேயர் பலகையைத் தராசில் வைக்கச் சொன்னார். நாலாயிரத்துப் பதினைந்து கிராம் காட்டியது. போன வாரம் மெழுகில் எழுதிய எடை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"தராசுக்கு வயசாயிடுச்சோ?" என்றாள் மைனா.

வயலின்காரர் முத்திரை போட்ட ஒரு கிலோ படிக்கல்லை எடுத்துத் தராசில் வைத்துக் காட்டிவிட்டு அவளைப் பார்த்தார். தராசு சரியாக ஒரு கிலோ என்றது. மைனா தலையைக் குனிந்து வயலினைத் தடவினாள்.

சர்வேயர் மேஜையிலிருந்த ஊசி ஒன்றை எடுத்தார். மெழுகில் மொத்தம் பன்னிரண்டு வரிகள். முதல் ஐந்து, சீசன்காரர் காணாமல் போவதற்கு முந்தையவை. கீறல்களுக்குள் ஊசியை விட்டு இழுத்தபோது கறுப்புத் தூசி திரண்டு வந்தது. மீதி ஏழு வரிகளிலும் ஊசி சுத்தமாக வந்தது. ஏழு மாதத்துக் கீறல்களில் ஒரு மாதத்துத் தூசிகூட இல்லை.

"மைனா, எடையெல்லாம் வாசி."

வாசித்தாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து. நூற்று இருபது. எண்பத்தைந்து. அறுபது. அதற்கப்புறம் நாலாயிரத்து நாற்பது, நாலாயிரத்து இருபது, நாலாயிரம். அங்கிருந்து கீழேயும் இருபது இருபதாகவே இறங்கியது.

"முதல் அஞ்சு முதல்ல வேகமா இளைக்குது, அப்புறம் மெதுவா. மரம் அப்படித்தான் இளைக்கும்," என்றார் சர்வேயர். "அடுத்த ஏழு?"

"டாக்டர்கிட்ட காட்ட நான் எழுதிட்டுப் போவேனே, எடைக் கணக்கு, அது மாதிரி இருக்கு சார். மெஷின்ல ஏறாமலே எழுதறது."

"நடுவுல நாற்பது நாள் விடாம மழை பேஞ்சுது. ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? என் செருப்புல காளான் முளைச்சுது."

வயலின்காரர் இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டார். மழைக்காலத்தில் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், எடை கொஞ்சமாவது ஏறியே தீரும், எத்தனை நல்ல கொட்டகையில் வைத்தாலும் ஏறும் என்றார். இந்த மெழுகின்படி, நாற்பது நாள் மழையிலும் பலகை இருபது கிராம் இளைத்திருந்தது. சீசன்காரர் தூக்கத்தில்கூட இப்படி எழுத மாட்டார்.

"அப்போ எழுதினது அவரில்லை," என்றாள் மைனா. அவள் குரல் இறங்கியிருந்தது. "வேற யாரு சார்?"

"ஆணியால கீறுற பழக்கம் தெரிஞ்சவன். பலகை இருக்கிற இடம் தெரிஞ்சவன். ஆனா உலர்த்தத் தெரியாதவன்." சர்வேயர் பலகையைப் போர்வையில் சுற்றினார். "எல்லா மாசத்தையும் ஒரே கனத்துக்கு நறுக்கியிருக்கான் பாரு. அது அறுக்கிறவன் கை."

*

மில்லில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் கேட்காது. இருவரும் ஓரமாக நின்றார்கள். தம்பி காதில் பஞ்சடைத்து, முகத்தில் துணி கட்டி, ஒரு பெரிய மரத்தை ரம்பத்துக்குள் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். பலகைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வேறுபாடு சொல்ல முடியாது. அத்தனையும் ஒரே கனம்.

நிமிர்ந்தார். மைனாவின் கையிலிருந்த போர்வையைப் பார்த்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, ரம்பம் ஓய்ந்து நிற்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அறுக்காமல் கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"எண்ணெல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க," என்றார் சர்வேயர். "மழையை மறந்துட்டீங்க."

தம்பி முகத்துத் துணியை இறக்கினார்.

"அண்ணன் இருந்திருந்தா திட்டியிருப்பார்," என்றார்.

சர்வேயர் கேட்காமலே அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஏழு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரைப் போல, நிறுத்தாமல் சொன்னார்.

முதலாளிக்கு வெளியூர் பார்ட்டி ஒன்று அவசரம் காட்டியது. அந்தப் பன்னிரண்டு பலகைகளையும் சூட்டு அறையில் வைக்கச் சொன்னார். சீசன்காரர் கெஞ்சிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் தன் கைக்கு இப்படி ஒரு மரம் வந்ததில்லை, இரண்டு மழைக்காலம் பொறுங்கள் என்றார். முதலாளி கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அண்ணனும் தம்பியுமாகப் பலகைகளை ஒரு வேனில் ஏற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஓர் ஊரில், மூடிக் கிடந்த அச்சாபீஸின் பின்கட்டு. உலர்ந்ததும் அப்படியே கொண்டுபோய் முதலாளி முன்னால் வைப்பது, அப்புறம் அவர் என்ன செய்தாலும் சரி என்பது அண்ணனின் திட்டம்.

பின்கட்டை அவரே பெருக்கினார். ரீப்பர் வைத்து அவரே அடுக்கினார். முப்பது வருஷம் கருங்காலித் தூளைக் குடித்த நெஞ்சு அது. தூசிப் பக்கமே போகாதே என்று டாக்டர் என்றைக்கோ சொல்லிவிட்டார். நான்காம் நாள் விடியும்போது அவருக்கு மூச்சு ஏறவில்லை.

"ஆஸ்பத்திரியில பேர் கேட்டாங்க. அதுக்குள்ள இங்க போலீஸ்ல அண்ணன் பேரைக் கொடுத்துட்டாங்க. சொன்னா கட்டில்லயே விலங்கு போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். என் பேரைச் சொன்னேன்." தம்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு ராத்திரி தாங்கினா கூட்டிட்டு வந்துடலாம்னு நினைச்சேன் சார். மத்தியானமே போயிட்டார். அந்த ரெஜிஸ்டர்படி செத்தது நான்."

அந்த ஊர் மயானத்திலேயே, ஆள் யாரும் இல்லாமல், தான் ஒருவனாக முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எதை என்று சொல்லவில்லை.

அப்புறம் அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள், அப்படியே எழுந்து போய்விடுவாள். கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பின்கட்டைத் திறந்து, மேலே இருந்த பலகையை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். தராசு அங்கேதான் இருந்தது. எடை போடத் தோன்றவில்லை. அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து, அண்ணன் எழுதுகிற மாதிரி, ஆணியால் கீறினார். எப்படியும் அண்ணியிடம் போய்ச் சேரும் என்று, விடிவதற்கு முன் வயலின்காரர் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

"எவ்வளவு நாளைக்கு இப்படியே எழுதிட்டிருந்திருப்பீங்க?" என்று கேட்டாள் மைனா.

"இன்னும் பதினோரு பலகை இருக்கும்மா," என்றார் தம்பி.

*

அவள் கதவைத் திறந்தபோது மூன்று பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார் சர்வேயர். எரிந்த கோடவுனின் சொந்தக்காரனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அதில் ஒரு வாக்கியம்கூட இப்போது உதவவில்லை.

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போர்வைச் சுற்றைப் பார்த்தாள்.

"மழையைக் கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?" என்றாள்.

அவள் ஒதுங்கி வழி விட்டாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவளே பேசினாள். மில் ஆட்கள் லீவு போட்ட நாளெல்லாம் எடை போடும்போது பலகையைப் பிடித்தது அவள்தான். அவர் எண்ணைச் சொல்லுவார், அவள் கீறுவாள். எந்த மாதம் எடை இறங்கும், எந்த மாதம் ஏறும் என்பது அவளுக்குத் தன் கை ரேகை மாதிரி. வயலின்காரர் பலகையைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே, அவர் தெருமுனை தாண்டுவதற்குள், அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏன்க்கா எங்ககிட்ட வந்தீங்க?" என்று கேட்டாள் மைனா.

"என் கண்ணு தப்பா இருக்கலாம்ல. சார் எவ்வளவோ பார்த்தவர். அவர் வாயால, ஆமாம்மா உங்க வீட்டுக்காரர்தான் எழுதினார்னு ஒரு வார்த்தை வந்துட்டா, அதை வெச்சுக்கிட்டு இருந்துடலாம்னு பார்த்தேன்."

சர்வேயர் தம்பியின் பக்கம் திரும்பினார். இவர் எழுதியது என்பதும் தெரியுமா என்று அவளைக் கேட்டார்.

"வீட்ல வேற யாரு இருக்கா சார்?" அவள் இன்னும் தம்பியைப் பார்க்கவில்லை. "கேட்டா சொல்லிடுவான். அதான் கேக்கல."

தம்பி சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவள் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றாள். குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

*

மறுநாள் காலை நான்கு பேரும் இரண்டு பஸ் மாறி அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயாக வேண்டும் என்று சர்வேயர் சொல்லியிருந்தார். பலகை எடுத்தது, பொய்ப் பேர் கொடுத்தது, இரண்டையும் தம்பி தன் வாயால் சொல்ல வேண்டும். தம்பி அதற்குத் தலையாட்டினார். முதலில் இது, அப்புறம் அது என்றாள் அவள். ஏழு மாதமாக ஊர் அவள் கணவரைத் திருடன் என்கிறது. இங்கேயோ, அவர் இறந்ததாகக்கூட ஒரு காகிதம் இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க், ரெஜிஸ்டரைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். இறந்தவர் என்று எழுதியிருந்த ஆள் எதிரே நின்று ஆமாம் என்று தலையாட்டியதும், பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை என்றார். அதட்டத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு திருத்த மனுவை எடுத்துத் தள்ளினார். மேலிடத்துக்குப் போகும், விசாரணை வரும், மாதங்கள் ஆகும், ஆனால் இன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினாள். தவறாகப் பதிவான பேர் என்ற இடத்தில் தம்பியின் பேரை எழுதினாள். சரியான பேர் என்ற இடத்தில் கணவரின் பேரை, ஒவ்வோர் எழுத்தாக, கீறுவது போல அழுத்தி எழுதினாள். உறவு என்ற இடத்தில் மனைவி.

இறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

தம்பி தேதியைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே கால்.

அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவளைப் போல உதடு அசைந்தது.

"அந்த செவ்வாய்க்கிழமை நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்றாள். "ஒண்ணுமே ஞாபகம் வரலையே. இங்க அவருக்கு மூச்சு நின்னிருக்கு. அன்னிக்கு எனக்கு எதுவுமே தோணலையா? என்ன பண்ணிட்டிருந்தேன் நான்?"

மைனா அவள் தோளில் கை வைத்தாள். கிளார்க் ஜன்னலுக்குப் பின்னால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் வாசல்ல குடை ரிப்பேர்காரர் வந்திருந்தார் அண்ணி. அண்ணனோட பழைய குடையைக் கொடுத்து, இதுக்கு மேல ஒட்டுப் போட இடம் இருக்கான்னு அவர்கிட்ட கேட்டுட்டிருந்தீங்க. அவர் ஏதோ சொன்னார்." தம்பி நிறுத்தினார். "நான் தெருமுனையில நின்னுட்டிருந்தேன். சொல்லத்தான் வந்தேன். நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க."